போன் திரையை வயர் இல்லாமல் டிவியில் காட்டுவது எப்படி? சில நாள் இணைகிறது, சில நாள் டிவியின் பெயரே வருவதில்லை, ஏன்?

இதே சிக்கலில் இரண்டு நாள் மாலையை நான் தொலைத்திருக்கிறேன். அதனால் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

பாட்டிக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. போனில் படம் காட்டினால் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலப்பா" என்று திருப்பித் தந்துவிடுவார். பழைய குடும்பப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து போனில் வைத்திருந்தேன். டிவியில் போட்டுக் காட்டலாம் என்று உட்கார்ந்தால், போனில் 'தேடுகிறது' என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டிவியின் பெயர் வரவே இல்லை.

காரணம் மிகச் சின்னது. டிவி, ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருந்தது. போன் வீட்டு வைஃபையில் இருந்தது. இரண்டிலும் இணையம் நன்றாக வந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கெஸ்ட் வைஃபை என்பது அதில் இணையும் கருவிகளை வீட்டின் மற்ற கருவிகளிடமிருந்து பிரித்து வைப்பதற்காகவே இருப்பது. டிவியின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தபோதுதான் கடைசியில் 'கெஸ்ட்' என்று இருந்தது கண்ணில் பட்டது. உங்களுக்கும் முதலில் அதைப் பார்க்கச் சொல்வேன். அடுத்து, போனில் விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினாலும் பல நேரம் டிவி கண்ணில் படாது.

சரி, எந்த வழியில் இணைப்பது? மூன்று வழிகள் உண்டு, பெயர்கள்தான் குழப்பும். மிராகாஸ்ட் 2012-இல் வந்தது. அதில் போனும் டிவியும் நேரடியாகவே வைஃபையில் இணைந்துகொள்ளும். ரவுட்டரோ இணையமோ தேவையில்லை. ஆனால் சில டிவிகளில் ரிமோட்டை எடுத்து 'ஸ்கிரீன் மிரரிங்' அல்லது 'ஸ்கிரீன் ஷேர்' என்ற பகுதியை முதலில் திறந்து வைத்தால்தான் போனுக்குத் தெரியும். சாம்சங் போனில் இது 'ஸ்மார்ட் வியூ' என்று இருக்கும். வேறு பல ஆண்ட்ராய்டு போன்களில் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே', 'காஸ்ட்' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. அதற்கு இரண்டாவது வழியான, ஆப்பிளின் ஏர்ப்ளே உள்ள டிவி வேண்டும். 2019-இலிருந்து சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் பலவற்றில் அது வருகிறது. மூன்றாவது கூகுள் காஸ்ட். குரோம்காஸ்ட் என்ற சிறு கருவியைச் செருகிய டிவியிலும் ஆண்ட்ராய்டு டிவிகளிலும் இருப்பது இதுதான். இதற்கு இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தாக வேண்டும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. மிரரிங் வேறு, காஸ்ட் செய்வது வேறு. மிரரிங்கில் போன் தன் திரையை நொடிக்கு நொடி வீடியோவாக மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் பேட்டரி கரையும், போன் சுடும், படம் கொஞ்சம் தாமதித்தே வரும். காஸ்ட் செய்தால் இன்ன வீடியோ என்று மட்டும் போன் சொல்லும், டிவி தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் போனைப் பூட்டி வைக்கலாம், வேறு வேலை பார்க்கலாம். யூடியூப் பார்க்க மிரரிங் போடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் குறியை அழுத்தச் சொல்கிறேன். படம் தெளிவாகவும் இருக்கும்.

சினிமா ஆப்புகளில் மிரரிங் செய்தால் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாகவே இருப்பதும் உண்டு. அது பழுதில்லை, நகலெடுக்க விடாத பாதுகாப்பு. அதே ஆப்பை டிவியிலேயே திறந்துவிடுங்கள்.

அப்போ மிரரிங் எதற்கு? காஸ்ட் குறி இல்லாத எல்லாவற்றுக்கும். ஒரு படிவத்தை எப்படி நிரப்புவது என்று வீட்டாருக்குக் காட்டுவதற்கு, பாடக் குறிப்பை எல்லோரும் சேர்ந்து படிப்பதற்கு. விளையாட்டுக்கு வேண்டாம், விரல் வைத்த பிறகுதான் டிவியில் அசையும். படம் திக்கித் திக்கி வந்தால், டிவியிலும் போனிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். டிவியில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டாலும் தாமதம் கொஞ்சம் குறையும்.

மிரரிங் தொடங்கும் முன் 'தொந்தரவு செய்யாதே' போடுவதை மட்டும் மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வங்கியின் ஓடிபி டிவியின் உச்சியில் பெரிய எழுத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து குடும்பப் படங்களுக்கு மிரரிங்கே போடுவதில்லை. கூகுள் போட்டோஸில் காஸ்ட் குறியை அழுத்தினால் படம் மட்டும்தான் டிவிக்குப் போகும்.

பாட்டி டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், பின்வரிசையில் பாதி மறைந்து நின்ற ஒரு பையன்மேல் விரலை வைத்து, "இது என் தம்பி" என்றார். அந்தப் படத்தில் பாட்டியின் தம்பி இருப்பது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.