நடுவழியில் வீட்டிலிருந்து போன் வந்தால், கேரவனை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் தேவகோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி. ஒரு டிராவலர் வேனை கேரவனாக மாற்றி, மூன்று மாதம் ராஜஸ்தான், இமாச்சலம் என்று சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். வீட்டில் 82 வயது அம்மாவும் துணைக்கு ஒரு பணிப்பெண்ணும் மட்டும்தான். நடுவில் அம்மாவுக்கு ஏதாவது ஆனால், வண்டியோடு எவ்வளவு சீக்கிரம் ஊர் திரும்பலாம்?

பதில்: வண்டியோடு திரும்பும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஜெய்சல்மேரிலிருந்து உங்கள் ஊர் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். பதற்றத்தோடு ராப்பகலாக ஓட்டினால் வீட்டுக்கு இரண்டாவது அவசரமும் வந்து சேரும். வண்டி அங்கேயே நிற்கட்டும், ஆள் மட்டும் கிளம்ப வேண்டும். அதற்குத்தான் தயாராக வேண்டும்.

ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஊரில் இருக்கிறது. பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எந்த விமானத்தைப் பிடித்தாலும் அதற்குள் நீங்கள் வர முடியாது. ஆகவே பக்கத்தில் இருக்கும் ஒரு பங்காளியோ அக்கா மகனோ முடிவெடுக்கும் ஆளாக இருக்கட்டும். சி.டி. ஸ்கேன் 24 மணி நேரமும் எடுக்கும் மருத்துவமனை எது என்று அவரையே இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். அம்மாவின் மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் மூன்றின் நகலும் அவரிடம் இருக்கட்டும்.

அப்புறம் வீடு. நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. 108க்குப் போன் செய்பவர் முன்வாசல் தெருவைச் சொல்லி, ஆள் விழுந்து கிடப்பது பின்கட்டில் என்றால், வளவை, அதாவது நடு முற்றத்தைத் தாண்டி, உயரமான நிலைப்படிகளைக் கடந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு ராத்திரியில் முகப்புக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். அம்மா படுக்கும் அறையை, வண்டி வந்து நிற்கும் வாசலுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். முனகுவார், பரவாயில்லை. அந்த வாசலுக்கு வெளியிலிருந்து திறக்கிற பூட்டாகப் போட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள்.

பணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. புதிதாகச் சேர்த்த கணக்குக்குப் பல வங்கிகள் முதல் 24 மணி நேரம் பெரிய தொகை அனுப்ப விடுவதில்லை. அந்த உறவினரின் கணக்கைக் கிளம்பும் முன்பே சேர்த்து, நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லும் பொறுப்பும் அவருடையதே. அவசரச் சேர்க்கை என்றால் பெரும்பாலும் 24 மணி நேரக் கெடு.

எதற்குக் கிளம்புவது, எதற்குக் காத்திருப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். காய்ச்சல் என்றால் ஒரு நாள் பார்க்கலாம். இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் டிக்கெட் போடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தாலும், உயிர் பிரிந்துவிட்டால் ஃப்ரீசர் பாக்ஸ் வைத்து உங்களுக்காகக் காத்திருப்பதா என்பதையும் பங்காளிகளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அன்றைக்குப் போனில் அந்தப் பேச்சு ஓடாது.

விமானத்தில் வரும்போது மதுரைதான், திருச்சிதான் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டிலிருந்தும் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான், எதற்கு முதலில் இடம் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். சென்னை வரைதான் கிடைத்தது என்றால், பிற்பகலில் எழும்பூரிலிருந்து கிளம்பும் பல்லவன் ரயில் இரவில் பக்கத்து ஊரான காரைக்குடி சேர்த்துவிடும்.

சரி, வண்டி. பெட்ரோல் பங்கில் வாரக்கணக்கில் விடுவதை நான் சொல்ல மாட்டேன், அங்கே யாருக்கும் பொறுப்பில்லை. வண்டி கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸுக்கென்று விட்டு, ஜாப் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒரு ஆதாரம் இருக்கும். விமான நிலைய பார்க்கிங் என்றால் உங்கள் வண்டியின் உயரத்துக்கு இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

விடும் முன் அரை மணி நேர வேலை இருக்கிறது. கேஸ் சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது பூஞ்சை வாடைதான் வரவேற்கும். தண்ணீர்த் தொட்டியை வடித்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம், மழையில் பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஓடோமீட்டரையும் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நீங்கள் பயணத்தைத் தொடர முடியாமல் போனால், வண்டியை எடுத்துவர ஒரு ஆக்டிங் டிரைவரை அனுப்பலாம். அவரிடம் உங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். அவருடைய லைசென்ஸ் உங்கள் வண்டி வகைக்குச் செல்லுமா, காலாவதியாகவில்லையா என்று நீங்களே வாங்கிப் பாருங்கள். அது சரியில்லை என்றால், வழியில் விபத்து நடந்தால் காப்பீட்டில் இழப்பீடு கேட்பது பெரும்பாடாகிவிடும்.