மூக்கில் டியூப், வீட்டில் நோயாளி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு நர்ஸின் பதில்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சிஸ்டர். உட்கார வைத்தால் சரிந்துவிடுகிறார். படுத்தபடியே கஞ்சி கொடுக்கலாமா?

கூடவே கூடாது. வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும். பக்கவாதம் வந்தவருக்கு இருமி வெளியேற்றும் சக்தி குறைவு என்பதால், சத்தமே இல்லாமல் இது நடந்துவிடலாம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அதற்காகத் தலைக்கு மட்டும் தலையணையை அடுக்காதீர்கள். கழுத்து மடங்கும், உடம்பு கீழே வழுக்கி வயிறு அமுங்கும். இடுப்பிலிருந்து முதுகு முழுவதும் சாய வேண்டும். சர்ஜிக்கல் கடைகளில் கட்டில்மேல் வைக்கும் பேக் ரெஸ்ட் கிடைக்கும். அதை வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அணை கொடுங்கள். கொடுத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். டயப்பர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் உணவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கொடுத்த கையோடு புரட்டுவதால் வரும் வாந்தி நிறைய.

டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் கேட்கச் சொன்னார்கள். போதுமா?

போதாது. டியூப்பின் நுனி நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும். பிரிட்டனில் 2005-லேயே இந்த முறையை நம்ப வேண்டாம் என்று மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள். நம் ஊரில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். டியூப்பை முதலில் போடும்போது எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்வதுதான் நல்லது. வீட்டில், மூக்கின் ஓரத்தில் டியூப்பில் என்ன அளவு தெரிகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்து, தொண்டையில் சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிஞ்சால் வயிற்று நீரைக் கொஞ்சம் இழுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் விட்டால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். பான்டோப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு எண் ஏறியே இருக்கலாம். அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அளவு மாறியிருந்தால் கொடுக்கக் கூடாது. நீங்களாக உள்ளே தள்ளவும் வேண்டாம். கொடுக்கும்போது இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலம், இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டியூப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.

பெரும்பாலும் மாத்திரைதான் காரணம். எல்லா மாத்திரையையும் சேர்த்துப் பொடித்து உணவில் கலப்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நைசாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நடுநடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் மொத்தத் தண்ணீர் அளவை டாக்டர் சொல்வார். பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருப்பவை மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரைகள், அவற்றைப் பொடிக்கக் கூடாது, மாற்று எழுதித் தரச் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் கொடுப்பவர்கள், டியூப் உணவோடு சேர்ந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது என்பதால், இடைவெளி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைத்துவிட்டால் 50 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாகத் தள்ளி, இழுத்துப் பாருங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், டியூப் கிழியலாம். கம்பி விடாதீர்கள். கோலாவும் வேண்டாம், அதன் அமிலத்தில் பால் புரதம் திரிந்து அடைப்பு கூடும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை வடிகட்டிய கஞ்சி கொடுக்கிறோம். ஆனாலும் அம்மா இளைத்துக்கொண்டே போகிறார்.

வடிகட்டிய கஞ்சியில் பெரும்பங்கு தண்ணீர்தான். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 முதல் 30 கலோரி என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு 1500-க்குக் குறையக் கூடாது. பால், வேகவைத்து மசித்த பருப்பு, முட்டை, ஒரு ஸ்பூன் எண்ணெய் என்று எதை எவ்வளவு சேர்க்கலாம் என டயட்டீஷியனிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள். பல நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவருக்கு ஒரேயடியாகக் கூட்டுவது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத்தைப் பாதிக்கும். படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி. சிரிஞ்சின் தண்டை அழுத்தித் தள்ளாமல், உயரே பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகட்டும். அரைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

வாயால் எதுவுமே சாப்பிடாதவருக்குப் பல் தேய்க்க வேண்டுமா?

கட்டாயம், தினம் இரண்டு வேளை. வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். உதட்டுக்குக் கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

வயிற்றில் துளை போட்டு நேரடியாக வைத்த பெக் டியூப் கழன்று விழுந்துவிட்டது. நாளைக்குப் போனால் போதுமா?

இல்லை, இப்போதே கிளம்புங்கள். துளை சில மணி நேரத்தில் சுருங்க ஆரம்பித்துவிடும். சுத்தமான துணியால் மூடி, விழுந்த டியூப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் எதையும் உள்ளே நுழைக்கவே கூடாது.

மாமியாருக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் முற்றிவிட்டது. டியூப்பைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறார். கையைக் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

உங்கள் மனசு சொல்வது சரிதான். கட்டி வைத்தால் பதற்றம் கூடும், அசையாமல் கிடந்து படுக்கைப்புண் வரும். முற்றிய டிமென்ஷியாவில் டியூப் உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபணம் இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் வெளியிட்ட நிலைப்பாடும், டியூப்புக்குப் பதிலாகக் கையால் கவனமாக ஊட்டுங்கள் என்பதே. பக்கவாதத்திலிருந்து தேறுபவர் கதை வேறு, அங்கே டியூப் உயிர் காக்கும். உங்கள் மாமியார் விஷயத்தில், டியூப்பை எடுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார வைத்து, அவருக்குப் பிடித்ததைக் குழைவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டலாமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். அப்போது உங்கள் கணவரும் நாத்தனாரும் உடன் இருக்கட்டும். இல்லாவிட்டால் நாளை ‘பட்டினி போட்டாள்’ என்ற பேச்சு உங்கள் மேல்தான் வரும்.