மொழி வந்த பிறகு பழகலாமா?

வணக்கம் ஐயா,

ஊர் பேரணாம்பட்டு. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறேன். ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) தேர்வு முடித்துத்தான் வந்தேன். ஆனாலும் இவர்கள் பேசுவது பிடிபடவில்லை. நான் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அறையில் நாங்கள் மூன்று பேருமே தமிழ். ஜெர்மன் நண்பர் ஒருவர்கூட இல்லை. மொழி நன்றாக வந்தபின் பழகிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

சரியில்லை. அப்படி இருந்தால் மொழியும் வராது, நட்பும் வராது. உங்கள் ஊரில் உருதும் தெலுங்கும் பேசுகிற தமிழர்களைப் பாருங்கள். யார் இலக்கணம் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்?

நீங்கள் படித்தது எழுத்து ஜெர்மன். 'வந்துகொண்டிருக்கிறார்' என்று படித்துவந்த வெளியூர்க்காரருக்கு வேலூர் பஸ் ஸ்டாண்டில் 'வந்துகினு கீறாரு' எப்படிக் கேட்குமோ, அதே கதைதான். 'இஷ் ஹாபெ' (என்னிடம் இருக்கிறது) பேச்சில் 'இஷ் ஹாப்' ஆகும். 'நிஷ்ட்' (இல்லை என்ற எதிர்மறைச் சொல்) தேய்ந்து 'நிஷ்' ஆகும். 'ஐனென்' (ஒரு) வெறும் 'நென்'. 'போனேன்' என்பதற்குக் கதைப் புத்தகத்தில் 'இஷ் கிங்'. வாயில் வருவது 'இஷ் பின் கெகாங்கன்'.

இன்னொன்று, 'டொக்'. "நீ வரலையா?" என்று கேட்டால் நாம் "ஆமா, வரல" என்போம். அந்தப் பழக்கத்தில் 'யா' (ஆமாம்) என்று சொல்லிவிட்டால் அவருக்குக் குழப்பம். வராவிட்டால் 'நைன்' (இல்லை), வருவதாக இருந்தால் 'டொக்' (இல்லையில்லை, வருகிறேன்). சனிக்கிழமைத் திட்டமே இந்த ஒரு சொல்லில் கவிழும்.

ஆங்கிலத்துக்கு மாறுகிறவர் உங்கள் சிரமத்தைக் குறைக்கத்தான் மாறுகிறார். "ஜெர்மன்லயே பேசலாமா, பழகிக்கிட்டிருக்கேன்" என்பதை ஜெர்மனில் மனப்பாடம் செய்து, முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து பேர் சேர்ந்து பேசும் மேசையில் தொடங்காதீர்கள். அது கடைசியில்தான் கைகூடும். ஒருவர் போதும். பல பல்கலைக்கழகங்களின் மொழி மையத்தில் 'டாண்டெம்' ஏற்பாடு உண்டு: அவர் மொழி உங்களுக்கு, உங்கள் மொழி அவருக்கு. ஒரு மணி நேரத்தில் 30 நிமிடம் ஒன்று, 30 நிமிடம் மற்றொன்று, அலாரம் வையுங்கள். கலந்தால் சுலபமான மொழியே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். எல்லாத் தவற்றையும் திருத்தச் சொன்னால் பேச்சே நின்றுபோகும். இந்த வாரம் வாக்கியத்தில் வினைச்சொல் நிற்கும் இடத்தை மட்டும் திருத்துங்கள் என்று கேளுங்கள்.

பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பிலும் சேருங்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே பதிய வேண்டும், சீக்கிரம் நிரம்பிவிடும். வாராவாரம் அதே ஆட்கள், அதே சொற்கள், அதுதான் பலன்.

"ஒரு நாள் சாப்பிட வாங்க" என்றால் அங்கே யாரும் வரமாட்டார்கள். "வியாழன் மாலை 6 மணி" என்று சொல்லுங்கள். சைவமா என்றும் கேளுங்கள். ஆம்பூர் பிரியாணி என்றால் சமைத்து முடித்துவிட்டுக் கூப்பிடாதீர்கள். வெங்காயம் அரியும்போதே அவரும் அடுப்படியில் இருக்கட்டும். நறுக்கு, கிளறு, மூடு, தீயைக் குறை என்று ஏவல் வினைகள் கைவேலையோடு வந்துவிடும்.

அறைத் தோழர்களை விட்டு விலகச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் தமிழ் இருக்கட்டும். தனிமையில் எந்த மொழியும் ஏறாது. வகுப்பில் மட்டும் மூவரும் ஒன்றாக உட்காராதீர்கள். உங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கட்டும்.