காதில் ஹைட்ரஜன் பெராக்சைடு விடலாமா? கேள்வி பதில்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். காது அடைப்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு முடிந்தவரை விவரமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு சொட்டு விட்டதுமே புஸ்ஸென்று நுரைக்கிறது. உள்ளே அவ்வளவு அழுக்கா?

இல்லை. நம் தோலிலும் ரத்தத்திலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பட்டவுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அந்த ஆக்சிஜன்தான் குமிழி குமிழியாக வருகிறது. குமிழிகள் காதுக் குறும்பிக்குள் புகுந்து அதை இளக்குவது உண்மைதான். ஆனால் சுத்தமான காதிலும் நுரை வரும். நுரை நிற்கும்வரை விட்டுக்கொண்டே இருப்பேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். காதுக்குழாயின் தோல் மிக மெல்லியது. அது வறண்டு, அரித்து, கடைசியில் புண்ணாகிவிடும்.

கேள்வி: என்னிடம் 6 சதவீத பாட்டில் இருக்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சரியா?

கணக்கு சரி, 3 சதவீதம் வரும். ஆனால் அது தலைமுடிக்கு நிறம் ஏற்ற வாங்கிய பாட்டில் என்றால் காதுக்கு வேண்டாம். அதில் வேறு ரசாயனங்களும் கலந்திருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதமே போதும். சில பாட்டில்களில் 10 வால்யூம் என்று போட்டிருப்பதும் அதே அளவுதான். 20 வால்யூம் என்றால் 6 சதவீதம். 30, 35 சதவீதம் எல்லாம் தோலைப் பொசுக்கிவிடும், அவற்றைக் காதுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

விடுவதற்கு முன் பாட்டிலைச் சில நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். சில்லென்று விட்டால் தலை கிறுகிறுவென்று சுற்றும். சமநிலையைக் காக்கும் உறுப்பு உள்காதில் இருக்கிறது, குளிர்ச்சியோ சூடோ பட்டால் அது குழம்பிவிடும். ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் இதைத்தான் ஆராய்ந்தார், 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒருக்களித்துப் படுத்து ஐந்தாறு சொட்டு, ஐந்து நிமிடம், அப்புறம் தலையைச் சாய்த்து வடியவிட்டு வெளியே வருவதைத் துணியால் துடைத்தால் போதும். மூன்று, நான்கு நாளில் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் காதைக் காட்டுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தது. இப்போது எதுவும் இல்லை. நான் விடலாமா?

விடாதீர்கள். வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

சீழ் வடிந்த காதில் பெரும்பாலும் செவிப்பறை ஓட்டையாகியிருக்கும். பலருக்கு அது தானாக மூடிவிடும், சிலருக்கு மூடாது. வலி இருக்காது, காதும் ஓரளவு கேட்கும், அதனால் ஓட்டை இருப்பதே தெரியாது. ஒருமுறை ஒருவர் வந்து, காதில் மருந்து விட்டதும் தொண்டையில் கசந்தது என்றார். விளக்கு வைத்துப் பார்த்தேன். செவிப்பறை ஆரோக்கியமாக இருந்தால் முத்துச் சிப்பியின் உள்பக்கம் போல மினுமினுக்கும். அவருக்கோ அதன் கீழ்ப்பாதியில் ஒரு ஓட்டை. மருந்து அதன் வழியாக நடுக்காதுக்குள் போய், அங்கிருந்து தொண்டைக்கு இறங்கும் குழாயில் ஒழுகியிருக்கிறது. அப்படி உள்ளே போகும் பெராக்சைடு கடுமையாக வலிக்கும், தலைசுற்றும், சீழ் திரும்பவும் பிடிக்கலாம்.

காதில் குழாய் வைத்தவர்கள், அறுவை சிகிச்சை செய்தவர்கள், இப்போது வலியோ நீர் வடிதலோ உள்ளவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். முதலில் ஒருவர் உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது.

கேள்வி: மருந்து விட்ட பிறகு அடைப்பு முன்பைவிட அதிகமாகிவிட்டது. பயமாக இருக்கிறது.

இது அடிக்கடி நடப்பதுதான். குறும்பி ஈரத்தை உறிஞ்சி ஊதி, இருந்த கொஞ்ச இடைவெளியையும் அடைத்துக்கொள்கிறது. குச்சி போட்டுக் குடையாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். ஓரிரு நாளில் இளகவில்லை என்றால் மருத்துவர் உறிஞ்சியோ கருவியாலோ எடுத்துவிடுவார்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. வாரம் ஒருமுறை விடட்டுமா, டாக்டர்?

வேண்டாம் அம்மா. 12 வயதுக்குக் கீழே என்றால் மருத்துவர் சொல்லாமல் விடக் கூடாது. பெரியவர்களுக்கும் வாராவாரம் தேவையில்லை. செவிப்பறையிலிருந்து தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக வளர்ந்து குறும்பியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும், மெல்லும்போது தாடை அசைவதும் அதற்கு உதவும். குறும்பி அழுக்கு இல்லை, காதுத் தோலுக்கு அதுதான் காப்பு. குழந்தை பொத்தான் பேட்டரியைக் காதில் போட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எந்தச் சொட்டும் விடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஈரம் பட்டால் அது இன்னும் வேகமாக அரிக்கும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காது கேட்கும் கருவியும் வைத்திருக்கிறார். அடிக்கடி அடைக்கிறது.

கருவி வழியை மறிப்பதால் குறும்பி சேரத்தான் செய்யும். சர்க்கரை இருப்பவருக்குக் காதுத் தோலில் சிறு புண் வந்தாலும் தொற்று எலும்புவரை போகக்கூடும், அதனால் வீட்டு வைத்தியம் வேண்டாம். குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவரிடமே சுத்தம் செய்துகொள்ளட்டும்.

கேள்வி: எண்ணெய் நல்லதா, பெராக்சைடு நல்லதா?

இளக்குவதில் ஒன்று மற்றதைவிட உசத்தி என்று சொல்ல நல்ல ஆதாரம் இல்லை. வெறும் உப்புநீரேகூடப் பலருக்கு வேலை செய்கிறது. தோல் வறண்டவர்களுக்கு எண்ணெய் இதமாக இருக்கும். ஆனால் செவிப்பறை ஓட்டை என்றால் எண்ணெயும் கூடாது.

கேள்வி: நேற்று காலை எழுந்ததும் ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை. வலி இல்லை. குறும்பிதான் என்று நினைத்து பெராக்சைடு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்திவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள். குறும்பியாகவும் இருக்கலாம், ஆனால் உள்காது நரம்பு திடீரென்று பாதிக்கப்பட்டாலும் இப்படித்தான் இருக்கும். அதற்கான மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. போய்ப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.