குளக்கரையில் வள்ளமும் சைக்கிளும் வாடகைக்கு விடும் சிறு தொழிலைச் சுற்றாடலுக்கு உகந்ததாக்க எங்கே தொடங்குவது?

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு குளத்தருகே துடுப்பு வள்ளம், சைக்கிள், இரவு தங்கக் கூடாரம் ஆகியவற்றை வாடகைக்கு விடுவதாகவும், பெரிய செலவில்லாமல் அதைச் சுற்றாடலுக்கு உகந்ததாக மாற்ற எதை முதலில் செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் இன்னொரு குளக்கரையில் ஏறத்தாழ இதே தொழிலைச் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். புதிய பொருள் எதையும் வாங்குவதற்கு முன்னர், எந்த மாதத்தில் குளத்தின் எந்தப் பக்கத்தில் ஆட்களை விடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். உங்கள் தொழிலின் ஆண்டைக் குளத்தின் ஆண்டோடு பொருத்துவதுதான் முதல் வேலை. அதற்குச் செலவும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறையத் தொடங்கி, மழை நன்றாக இருந்தால் மார்கழி, தையில் வான் பாயும், அதாவது மிகைநீர் வழிந்தோடும். அதே காலத்தில்தான் வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன. நீருக்குள் நிற்கும் மரங்களில் நீர்க்காகமும் நாரையும் கூடு கட்டுகின்றன. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நம்மவர்கள் விடுமுறைக்கு வருவதும் அப்போதுதான். ஒரு வள்ளம் அந்த மரங்களுக்குக் கீழே போனால் தாய்ப்பறவை எழும்பிவிடும், முட்டை வெயிலில் கிடக்கும், அதற்குள் காகம் வந்துவிடும். ஆகையால் கார்த்திகை முதல் பங்குனி வரை அலைகரைப் பக்கத்தை (கட்டுக்கு எதிரே உள்ள ஆழமில்லாத கரையை) முற்றாக விட்டுவிட்டு, குளக்கட்டை அண்டிய ஆழமான நீரில் மட்டும், அதுவும் துருசுக்கும் (வயலுக்கு நீர் திறக்கும் மதகுக்கும்) வானுக்கும் எட்ட நின்று, வள்ளம் விடுங்கள். ஆடி, ஆவணியில் நீர் வற்றி நடுக்குழியில் ஒடுங்கும்போது மீன், பறவை, முதலை, மாடு எல்லாம் அந்தச் சிறு நீரை நம்பியே இருக்கும். அந்த மாதங்களில் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டு, கட்டின் மேலும் வாய்க்கால் வீதிகளிலும் சைக்கிள் ஓட்டத்தை நடத்தலாம். சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, எவ்வளவு வயல் செய்வது, எந்தத் திகதியில் துருசு திறப்பது என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். கமக்காரர் அமைப்பிடம் கேட்டு அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக இருந்து கேளுங்கள், உங்கள் ஆண்டுத் திட்டத்தின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

நந்திக்கடல், நாயாறு போன்ற களப்புகளுக்கு ஆட்களை அழைத்துச் செல்வதாக இருந்தால், எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதைப் பறவைகளே சொல்லும். மேய்ந்துகொண்டிருக்கும் பூநாரைக் கூட்டம் தலையை நிமிர்த்தி, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே மிகக் கிட்டப் போய்விட்டீர்கள். அடுத்தது எழும்பிப் பறப்பதுதான். திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்காக உடலில் சேர்க்கும் கொழுப்பை அவை நம் ஒளிப்படத்துக்காகச் செலவழிக்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிடுவதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே எதைச் செய்வதாயினும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எஞ்சின் படகு வாங்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் எரிபொருளின் காற்பங்கு வரை எரியாமலே நீரில் கலக்கக்கூடும், அந்த நீர்தான் கீழே வயலுக்குப் போகிறது. ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு வள்ளம் கொண்டுபோகும்போது கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். சல்வீனியா, ஆகாயத்தாமரை ஆகிய மிதக்கும் களைகள் ஒரு சிறு துண்டிலிருந்தே குளத்தை மூடிவிடக் கூடியவை.

மலசலகூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கூடாரத்தின் அழகைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர இதைப் பற்றிக் கேட்பதில்லை. கோடையில் இடம் பார்த்தால் நீர் எங்கோ தொலைவில் இருக்கும், குழி வெட்ட நல்ல இடமாகவே தோன்றும். மார்கழியில் அதே குழி நீருக்குள் இருக்கும். எனவே குளம் முழுக்க நிறைந்தால் நீர் எதுவரை வரும் என்பதை ஊரில் வயதானவர்களிடம் கேட்டு, மரத்தண்டுகளில் படிந்திருக்கும் நீர்க்கறையையும் பார்த்து, அந்த எல்லைக்கு நன்கு அப்பால், மேட்டில், குடிநீர்க் கிணறுகளுக்கும் தூரமாக அமையுங்கள். குளிப்பவர்கள் சவர்க்காரமும் ஷாம்புவும் போட்டுக் குளத்தில் இறங்கக் கூடாது. வாளியில் அள்ளிக் கரைக்கு அப்பால் மண்ணில் நின்று குளிக்கட்டும்.

பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய் ஆகியவை 2023 ஒக்டோபர் முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டவை என்பதால் அதில் தெரிவே இல்லை. வாழையிலையும் தாமரை இலையும் நமக்குப் புதிதல்ல, கூழுக்குப் பனையோலைப் பிளாவை விடச் சிறந்த பாத்திரமும் இல்லை. உண்மையான சிக்கல் தண்ணீர்ப் போத்தல். வவுனியா முதலிய இடங்களில் சிறுநீரக நோய் பரவியதிலிருந்து, வருகிறவர்கள் கிணற்று நீரை நம்புவதில்லை. கிராமத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய கலன்களில் நீர் வாங்கி, அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி வைத்து, ஆளுக்கொரு உலோகப் போத்தலை வாடகைப் பொருட்களோடு சேர்த்தே கொடுங்கள். மீந்த சோற்றையும் பழத்தோலையும் வெளியில் கொட்டி வைத்தால் யானையும் குரங்கும் பழகிவிடும். பிறகு துன்பப்படுவது பக்கத்துத் தோட்டக்காரர்தான்.

விறகுக்குப் பாலை, வீரை மரங்களில் கை வைக்காதீர்கள். பாலைப்பழக் காலத்தில் கரடி முதல் குருவி வரை அந்த மரத்தை நம்பியிருக்கின்றன. ஊமலும் (காய்ந்த பனங்கொட்டையும்) சிரட்டையும் பனைமட்டையும் சமையலுக்குப் போதும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் தீ மூட்டவே வேண்டாம்.

சைக்கிளுக்குப் புதுப் பாதை வெட்டாதீர்கள். மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத மண்ணில், மக்கள் அன்றாடம் நடமாடும் பாதையை விட்டு விலகுவது உயிருக்கே ஆபத்து. இருக்கும் பாதையோடு நின்றால் காட்டு நிலமும் மிதிபடாது.

வருகிறவர்களின் வாகனப் புகை நம் கையில் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 2013இலேயே ரயில் மீண்டும் வந்துவிட்டது. முன்பதிவு செய்யும்போதே ரயில் நேரத்தை அனுப்பி, அந்தப் பாதையிலுள்ள மாங்குளம் நிலையத்துக்கு ஓர் ஆட்டோவை ஒழுங்கு செய்து, அப்படி வருபவர்களுக்குக் கட்டணத்தில் சிறிது குறைத்துப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த காலபோகத்துக்கு (மழைக்கால நெற்செய்கைக்கு) முன்னர் கமக்காரர் அமைப்பிடமும் நன்னீர் மீன்பிடிச் சங்கத்திடமும் போங்கள். வலை கட்டும் இடங்களை அவர்கள் காட்டித் தருவார்கள். அவற்றை வரைபடத்தில் குறித்து, வள்ளம் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஒவ்வொரு வாடகையிலும் ஒரு பங்கைக் குளக்கட்டில் முளைக்கும் பற்றை வெட்டும் சிரமதானத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள், அந்த நாளில் நீங்களும் கத்தியோடு போய் நில்லுங்கள்.