பழைய கார், மலைக்காற்று: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1967 எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், எஸ்.யூ. வகைக் காபரேட்டர் இரண்டு. பிளக் கறுத்துப்போயிருந்ததால் எயார் ஃபில்டர்களைக் கழற்றி, கம்பிரசரில் ஊதி மாட்டினேன். ஐட்லிங் ஒழுங்காக நிற்கிறது, ஆனால் 3,000 சுற்றுக்கு மேல் எஞ்சின் ஏறவே மாட்டேன் என்கிறது. றம்பொடை ஏற்றத்தில் பெரும்பாடு. ஃபில்டர் பழுதாகிவிட்டதா?
— நுவரெலியா வாசகர்

பதில்: ஃபில்டரை விடுங்கள், அதற்கும் காபரேட்டருக்கும் நடுவில் இருக்கும் கெஸ்கட்டை முதலில் பாருங்கள். காபரேட்டர் வாயின் தட்டையான முகத்தில் போல்ட் துளைகளைத் தவிர, மேல்பக்கமாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். காபரேட்டருக்குள்ளேயே மேலும் கீழும் அசையும் பிஸ்டன் ஒன்று உண்டு, அதன் அடிப்பக்கத்துக்குக் காற்று போகும் வழி அதுதான். கெஸ்கட்டைத் தலைகீழாக வைத்தால் அந்தத் துளைகள் அடைபட்டுவிடும். பிஸ்டன் மேலே எழும்பாது, எஞ்சினும் இழுக்காது. ஐட்லிங்கில் பிஸ்டன் அதிகம் எழும்பத் தேவையில்லை என்பதால் அங்கே குறை தெரியாது.

காரை நிறுத்தி வைத்து, ஃபில்டர் டப்பாக்களைக் கழற்றிவிட்டு எஞ்சினை முடுக்கிப் பாருங்கள். தடையில்லாமல் ஏறினால் குற்றவாளி கெஸ்கட்தான். முகத்தை அப்போது வாய்க்கு நேரே கொண்டுபோக வேண்டாம், சில நேரம் தீ திருப்பி அடிக்கும். மாட்டும்போது கெஸ்கட், டப்பாவின் பின்தட்டு இரண்டிலும் அந்தத் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள். ஸ்பேனர் அங்குல அளவாக இருக்கட்டும். 13 மி.மீ. போட்டால் வழுக்கி, போல்ட் தலை மழுங்கும்.

அடுத்தது, காகித ஃபில்டரைக் கம்பிரசரில் ஊதவே கூடாது. மடிப்பின் அடியில் ஊசித்துளை விழும். இருட்டில் உள்ளே ஒரு பல்பைப் பிடித்துப் பாருங்கள். புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த ஃபில்டர் குப்பைக்குத்தான். கழுவவும் கூடாது. ஃபில்டரை மாற்ற 12,000 மைல் என்பது பொதுக்கணக்கு. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் காருக்கு 6,000 போதும். பனிமூட்டத்தில் நனைந்து ஊறிய காகிதம் தூசி இல்லாமலே மூச்சை அடைக்கும், அதனால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். டப்பாவின் உட்பக்கம், ரப்பர் விளிம்பு ஓரமாகச் சிவப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தால், காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. புது ஃபில்டர் போட்டும் பயனில்லை, விளிம்பு சரியாக உட்கார வேண்டும்.

பிளக் கறுத்ததற்குக் காரணம் அனேகமாக ஊரின் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே டியூன் செய்த காபரேட்டர் இங்கே தேவைக்கு மேல் பெற்றோலைக் கொடுக்கும். அடியிலுள்ள ஜெட் நட்டை (பெற்றோல் வரும் ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்) இரண்டு காபரேட்டரிலும் ஒரே அளவாக, ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) மேலே ஏற்றுங்கள். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும்போது காபரேட்டர் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். சுற்று கூடி அப்படியே நின்றால் இன்னும் பெற்றோல் அதிகம், விழுந்தால் குறைவு, சற்றே கூடி அடங்கினால் சரி. கொழும்புக்கு இறங்கும் முன் நட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். மறந்தால் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும்.

கேள்வி: கழுவிப் பாவிக்கும் பருத்தி ஃபில்டர் நம் ஊருக்கு நல்லதா?
— ஹட்டன் வாசகர்

பதில்: நல்லது, காய விடுவதற்குப் பொறுமை இருந்தால். அதற்குரிய கிளீனரைப் போட்டு, உள்ளிருந்து வெளியே தண்ணீரை மெதுவாக விட்டு அலசுங்கள். பெற்றோலில் கழுவாதீர்கள், அடுப்படியிலும் வைக்காதீர்கள். உங்கள் ஊர் ஈரத்தில் காய இரண்டு நாள்கூட ஆகலாம். ஈரப் பருத்தியில் எண்ணெய் ஊறாது, ஊறாத இடத்தில் தூசி நுழையும். அதற்கென்றே விற்கும் எண்ணெயை ஒவ்வொரு மடிப்பிலும் மெல்லியதாக விட்டு 20 நிமிடம் வையுங்கள். வெளுத்த திட்டு தெரிந்தால் அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம். எஞ்சின் ஒயில் வேண்டாம்.

கேள்வி: ஏப்ரலில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்கு ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடினால் வேகம் கூடுமா?
— பண்டாரவளை வாசகர்

பதில்: கழற்றாதீர்கள். காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஊசி ஃபில்டரோடு ஓடும்படி தேர்ந்தது, ஃபில்டர் இல்லாமல் ஓடினால் கலவையைக் கெடுக்கும். உள்ளே போகும் மண்ணும் எஞ்சின் ஒயிலும் சேர்ந்தால் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும் அரைப்பசைதான். புது ஃபில்டர் போட்டு ஓடுங்கள்.