அட்டவணை சுருங்கியும் வரைபடம் ஏன் மாறவில்லை?

வாசகர் ஒருவரின் கேள்வி: "நேச்சுரல் எர்த் என்ற வரைபடத் தரவுத் தளத்தின் உலக நாடுகள் தரவை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, ஐரோப்பிய நாடுகளை மட்டும் வடிகட்டினேன். அட்டவணை சுருங்கியது, வரைபடத்தில் எல்லா நாடுகளும் அப்படியே இருக்கின்றன. மூன்றெழுத்து நாட்டுக் குறியீட்டால் தேடினால் பிரான்ஸ் கிடைக்கவே இல்லை. தவறு எங்கே?"

நீங்கள் இட்ட நிபந்தனை சரியானதே. அதை இட்ட இடம்தான் வேறு. எஃப்6 விசையால் திறக்கும் பண்பு அட்டவணையின் கீழ் இடது மூலையில் உள்ள வடிகட்டி, எந்த வரிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. லேயரை, அதாவது வரைபடத்தில் தெரியும் தரவு அடுக்கை, அது தொடுவதில்லை. ஆகவே அந்த நிலையில் பஃபர் (வடிவங்களைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வளையம் வரைவது) போன்ற ஒரு கருவியை இயக்கினால், அட்டவணையில் ஐரோப்பிய வரிகள் மட்டுமே தெரிந்தாலும், 1:11 கோடி அளவுத் தரவில் உள்ள 177 நாடுகளுக்கும் சேர்த்தே அது வேலை செய்யும்.

வரைபடமும் மாற வேண்டுமானால், லேயர் பெயரின் மீது வலது கிளிக் செய்து 'ஃபில்டர்' என்பதைத் திறந்து, அங்கே நிபந்தனையை எழுத வேண்டும். அட்டவணைப் பத்தியின் (நெடுவரிசையின்) பெயர் இரட்டை மேற்கோளுக்குள்ளும், தேடும் சொல் ஒற்றை மேற்கோளுக்குள்ளும் வர வேண்டும். லேயர் திருத்தும் நிலையில் இருக்கும்போது இந்த வசதி இயங்காது. புராஜெக்ட்டைச் சேமித்தால் வடிகட்டியும் அதனுடன் சேமிக்கப்படும் என்பதால், லேயர் பெயரின் அருகே புனல் குறி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயினும், தரவை இன்னும் அறிந்துகொள்ளும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கன்ட்ரோல்+எஃப்3 வழியாகச் செய்யும் தேர்வையே. அதில் எதுவும் மறைவதில்லை. பொருந்தும் நாடுகள் மஞ்சள் நிறத்தில் ஒளிர, விடுபட்டவை எவை என்பதும் உடனே புலப்படும்.

பிரான்ஸ் கிடைக்காததற்குக் காரணம் தரவிலேயே இருக்கிறது. அதன் ஐஎஸ்ஓ மூன்றெழுத்துக் குறியீட்டுப் பத்தியில் பிரான்சுக்கும் நார்வேக்கும் குறியீட்டுக்குப் பதிலாக -99 என்ற எண்ணே பதிவாகியிருக்கிறது. இதே லேயரில் உள்ள 'ஏடிஎம்0_ஏ3' (ADM0_A3) என்ற பத்தியில் இரண்டுக்கும் உரிய மூன்றெழுத்துகள் உள்ளன, அதைப் பயன்படுத்துங்கள். நிபந்தனை எழுதும் முன், வடிகட்டிச் சாளரத்தில் ஐஎஸ்ஓ குறியீட்டுப் பத்தியைச் சொடுக்கி, 'ஆல்' பொத்தானை அழுத்தி, அதில் உண்மையில் என்னென்ன மதிப்புகள் இருக்கின்றன என்று படித்துப் பார்த்திருந்தால் இந்த -99 உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அரை நிமிட வேலை இது. எந்தப் புதிய தரவிலும் நான் இதைத் தவிர்ப்பதில்லை.

இன்னொன்றுக்கும் ஆயத்தமாக இருங்கள். கண்டத்தின் பெயரால் வடிகட்டியபின் பசிபிக் கரை வரை ரஷ்யா முழுவதும் நிற்கும். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவும் தெரியும். வடிகட்டி வரிகளைப் பிரிக்குமே தவிர வடிவங்களை வெட்டாது. பிரான்சின் எல்லா நிலப்பகுதிகளும் ஒரே வரியில் அடங்கியிருக்கின்றன. 'மல்டிபார்ட் டு சிங்கிள்பார்ட்ஸ்' கருவியால் அவற்றைத் தனித்தனி வரிகளாக்கிய பிறகு, கயானாவைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடலாம். ரஷ்யாவை யூரல் மலையை ஒட்டிப் பிரிக்க வேண்டுமானால், அந்த எல்லையை நீங்களே வரைந்து வெட்ட வேண்டியிருக்கும்.